வெறிப்பது, முழிப்பது, வாய் பிளப்பது: ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எதற்கு எந்தச் சொல்?

#1 வினையெச்சம்

ஜெர்மன் தொடர் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் வேலை. நடுவில் ஓர் ஆங்கிலப் பிரதி இருக்கிறது, அதுதான் சிக்கலே. விபத்து நடந்த தெரு, நாலு பேர் நிற்கிறார்கள். ஜெர்மன் வசனத்தில் நாலு பேருக்கும் நாலு வினை: ஷ்டாரன், ஷ்டீரன், குளோட்ஸன், கஃபன். ஆங்கிலப் பிரதியில் நாலுக்கும் 'ஸ்டேர்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போதாததற்கு ஒரு பாட்டி 'ஷ்டீல்-அவ்கன்' என்கிறாள், அடுத்த வீட்டு நாயைப் பார்த்து 'குளுப்ஷ்-அவ்கன்' என்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டும் 'பிக் ஐஸ்'.

எது வசவு, எது கொஞ்சல், எதில் உண்மையிலேயே கண் பிதுங்குகிறது, எதில் வாய்தான் திறக்கிறது என்று பிரித்துச் சொன்னால் புண்ணியம். அகராதியில் தேட எழுத்துக்கூட்டலும் வேண்டும்.

#2 ஊமத்தம்பூ

நாலில் கண் பிதுங்குவது ஒன்றில்தான். முகத்தில் எந்த உறுப்பு வேலை செய்கிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மீதிப் பாதி, அந்தச் சொல்லைச் சொல்பவனுக்கு எதிராளி மேல் என்ன மரியாதை இருக்கிறது என்பது.

ஷ்டாரன் (எஸ்-டி-ஏ-ஆர்-ஆர்-இ-என். சொல் முதலில் எஸ்-டி வந்தால் 'ஷ்ட' என்று ஒலிக்கும்): இதில் கண் பெரிதாக வேண்டியதே இல்லை. பார்வை விறைத்து நிற்கிறது, அவ்வளவுதான். 'ஷ்டார்' என்ற பெயரடைக்கு விறைப்பு, அசையாமை என்று பொருள். அழுக்கேறி மடமடவென்று விறைத்த சட்டையையும் 'ஃபோர் ஷ்முட்ஸ் ஷ்டாரன்' என்பார்கள், அங்கே கண்ணே கிடையாது. ஆங்கில ஸ்டேர் இதற்கு உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் ஸ்டாரியன். ஆகவே ஷ்டாரனுக்கு ஸ்டேர் போட்டதில் தப்பில்லை, மற்ற மூன்றுக்கும் போட்டதுதான் தப்பு.

ஷ்டீரன் (எஸ்-டி-ஐ-இ-ஆர்-இ-என்): விறைத்த பார்வைதான், ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. குடித்தவன், களைத்தவன், இடி விழுந்தாற்போல் செய்தி கேட்டவன். 'ஃபோர் ஸிஹ் ஹின் ஷ்டீரன்', 'இன்ஸ் லேர ஷ்டீரன்' என்று சூனியத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை. 'ஸ்டேர் வேகன்ட்லி', 'ஸ்டேர் இன்டு ஸ்பேஸ்' என்று ஒட்டுப் போட வேண்டும்.

குளோட்ஸன் (ஜி-எல்-ஓ-டி-இசட்-இ-என்): நீங்கள் தேடும் பிதுங்கல் இதுதான். கண் உருண்டு, முன்னுக்கு வந்து, மந்தமாக நிற்கிறது. பார்ப்பவனுக்குப் புத்தி மட்டு என்ற தீர்ப்பு சொல்லிலேயே அடக்கம்.

கஃபன் (ஜி-ஏ-எஃப்-எஃப்-இ-என்): இது வாய்ச்சொல். வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது. ஆங்கில கேப் இதன் உறவு, அதிலும் வாய்தான் முதல். இன்றைய ஜெர்மனில் வாய் பின்னுக்குப் போய்விட்டது; அடுத்தவன் துன்பத்தை நின்று பார்ப்பது என்ற பழிதான் முன்னால் நிற்கிறது.

#3 தாமிரபரணிக்கரை

ஷ்டீரன் என்பது 'ஷ்டீயர்', அதாவது காளை என்ற சொல்லிலிருந்து வந்தது இல்லையா? காளை முறைப்பதுபோல் பார்ப்பது. வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

#4 ஊமத்தம்பூ

வேர் காளை இல்லைங்க. அதுவும் ஷ்டார் குடும்பம்தான். உயிரெழுத்து மாறிய வடிவம். 'ஷ்டீயர்' என்ற பெயரடை (அசைவற்ற பார்வை) இருந்தது, காளைக்கான சொல்லும் அதே ஒலி. மக்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், அந்தச் சாயல் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வசனத்துக்கு இது முக்கியம்: காளை என்று நம்பி 'முறைத்தான்' என்று போட்டால் கோபம் வந்துவிடும். ஷ்டீரனில் கோபம் இல்லை.

அதே குடும்பத்தில் இன்னொரு கண்ணி வெடி. 'கிரவர் ஷ்டார்' என்றால் கண்புரை. 'குரூனர் ஷ்டார்' என்றால் கண் அழுத்த நோய், கிளாக்கோமா. முன்னது சாம்பல் ஷ்டார், பின்னது பச்சை ஷ்டார். இந்த ஷ்டார் 'ஷ்டார்பிளின்ட்' என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது, விழித்தபடி குருடாக இருப்பது என்று பொருள். ஜெர்மனில் மைனா இனத்துப் பறவை ஒன்றுக்கும் ஷ்டார், சினிமா நட்சத்திரத்துக்கும் ஷ்டார். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் மருத்துவமனைக் காட்சியில் பாட்டிக்குச் சாம்பல் நிறப் பறவை அறுவை சிகிச்சை நடக்கும்.

#5 அளவெட்டியான்

கஃபன் பற்றி இஞ்ச ஜெர்மனியில இருக்கிற ஆக்களுக்கு விளங்கப்படுத்தவே தேவையில்லை. நெடுஞ்சாலையில ஒரு விபத்து நடந்தா எதிர்ப்பக்கப் பாதையும் ஊர்ந்துதான் போகும், எல்லாரும் எட்டிப் பாக்கிறபடியால். அப்பிடிப் பாக்கிறவன் 'கஃபர்'. பேப்பர்ல, பொலிஸ் அறிக்கையில எல்லாம் இந்தச் சொல்லுத்தான்.

சட்டமும் இருக்கு. குற்றவியல் சட்டம் 323-சி, 2017இல இருந்து அதுக்கு இரண்டாவது உட்பிரிவு: உதவி செய்யிற ஆக்களை மறிச்சா ஒரு வருசம் வரைக்கும் சிறை, இல்லாட்டி தண்டம். 201-ஏ: உதவியில்லாமக் கிடக்கிற ஒருத்தரின்ர நிலைமையைக் காட்டிப் படம் எடுத்தா இரண்டு வருசம் வரைக்கும். 2021 ஜனவரியில இருந்து இறந்தவையைக் கேவலமாக் காட்டிற படத்துக்கும் அது பொருந்தும். அதோட 'றெட்டுங்ஸ்காஸ', அம்புலன்ஸ் போக நடுவில விடுற வழி. அதை விடாட்டி ஆகக் குறைஞ்சது 200 ஐரோ, லைசென்ஸ் பதிவில ரெண்டு தண்டப் புள்ளி, ஒரு மாசம் வாகனம் ஓட்டத் தடை.

கவனியுங்கோ, வெறுமனே நிண்டு பாக்கிறதுக்கு 323-சி இல்லை, மறிக்க வேணும். ஆனா சனம் பேச்சில எல்லாத்துக்கும் கஃபன்தான். உங்கட காட்சி விபத்துத் தெரு எண்டபடியால் அந்த வினை சும்மா வந்ததில்லை. பாக்கிறவனைக் குற்றவாளியாக்கிற சொல்.

எங்கட பக்கத்தில உதுக்குச் சரியான சொல்லு 'விடுப்புப் பாக்கிறது'. 'புதினம் பாக்கிறது' எண்டும் சொல்லுவினம், ஆனா அதில பழி குறைவு.

#6 வினையெச்சம்

விடுப்புப் பார்ப்பது அருமை. தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு 'வேடிக்கை பார்க்கிறது' போடலாம், பழியும் வரும். "நின்னு வேடிக்கையா பாக்குறீங்க?" என்று கேட்டால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஆங்கிலத்தில் கஃபருக்கு என்ன? ஆங்கிலப் பிரதியில் ஓர் இடத்தில் அப்படியே 'கேஃபர்' என்று விட்டிருக்கிறார்கள்.

#7 ஊமத்தம்பூ

ஐயோ. ஆங்கில கேஃபர் முழுக்க வேறு ஆள். பிரிட்டனில் மேஸ்திரி, முதலாளி, கிழவர். படப்பிடிப்பில் விளக்குப் பிரிவின் தலைவர். காட்ஃபாதர் என்ற சொல் தேய்ந்து வந்தது. வேடிக்கை பார்ப்பவனுக்கு அமெரிக்காவில் 'ரப்பர்நெக்கர்': கழுத்து ரப்பர் மாதிரி நீள்கிறது, கண்ணும் வாயும் இல்லை, கழுத்து! அங்கே போக்குவரத்து அறிவிப்பிலேயே 'ரப்பர்நெக்கிங் டிலே' என்று சொல்வார்கள், அளவெட்டியான் சொன்ன அதே நெரிசல். நடந்துபோகிறவன் நின்று வாய் பார்த்தால் அமெரிக்காவில் 'காக்' (ஜி-ஏ-டபிள்யூ-கே), பிரிட்டனில் 'காப்' (கடைசி எழுத்து P). பிரிட்டிஷ் பாத்திரம் பேசினால் காப் என்று போடுங்கள், காக் என்றால் அமெரிக்க வாடை அடிக்கும்.

இதுபோல் ஏமாற்றும் இரட்டைகள் இன்னும் உண்டு. ஆங்கில கேஸ் (ஜி-ஏ-இசட்-இ) நெடுநேரம் ஆசையாகவோ யோசனையாகவோ பார்ப்பது. அதே எழுத்தில் ஜெர்மன் 'காஸ' என்றால் காயம் கட்டும் வலைத்துணி. ஆங்கில ஸ்பேனர் திருகு சாவி. ஜெர்மன் 'ஷ்பானர்' ஒளிந்திருந்து அந்தரங்கம் பார்ப்பவன். விபத்துக் காட்சியில் வலைத்துணி, திருகு சாவி இரண்டும் வரக்கூடிய பொருள்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

#8 தாமிரபரணிக்கரை

குளோட்ஸனுக்கு ஆங்கிலத்தில் 'காகிள்' (ஜி-ஓ-ஜி-ஜி-எல்-இ) போட்டால் தீர்ந்தது. இரண்டிலும் கண் உருள்கிறது.

#9 ஊமத்தம்பூ

உருவம் பொருந்துகிறது, தொனி பொருந்தவில்லை. காகிள் என்பது வியப்பு. சர்க்கஸில் குழந்தை காகிள் செய்யும், கேட்பவருக்குச் சிரிப்பு வரும். குளோட்ஸன் செய்பவன் மேல் எரிச்சல் வரும். பொதுவாக நான் பார்க்கிற நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் குளோட்ஸனுக்கு காப் அல்லது 'காக்' வருகிறது. கண் போய் வாய் வந்துவிட்டது, ஆனால் மரியாதைக்குறைவு சரியாக அதே அளவு.

காகிளின் வரலாறு தனிக் கூத்து. தொடக்கத்தில் அது பிதுங்கிய கண்ணே இல்லை, கண்ணைப் பக்கவாட்டில் உருட்டுவது, மாறுகண். 14ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் பைபிளில் மாற்கு 9ஆம் அதிகாரத்தில், லத்தீனில் ஒற்றைக்கண்ணன் என்று இருக்கும் இடத்தில் 'காகிள்-ஐட்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். உருண்டு விழித்தல் என்ற பொருள் பிற்பாடு. கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு 'காகிள்ஸ்' என்ற பெயர் அதற்கும் பிறகு.

இரண்டும் கச்சிதமாகச் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று: தொலைக்காட்சிப் பெட்டி. ஜெர்மனில் 'டீ குளோட்ஸ', பிரிட்டனில் 'காகிள்பாக்ஸ்'. இரண்டுமே உட்கார்ந்து முழிக்க வைக்கும் பெட்டி என்ற கிண்டல். தமிழில் 'முட்டாள் பெட்டி' பழகிவிட்டது, அது அமெரிக்க 'இடியட் பாக்ஸ்' வழி வந்தது. துணையுரையில் அதுவே போதும்.

இன்னொரு உறவு: ஆங்கில 'குளோட்' (ஜி-எல்-ஓ-ஏ-டி), அடுத்தவன் தோல்வியில் மகிழ்வது. குளோட்ஸனோடு ஒரே மூலத்தைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு ஓரக்கண்ணால் பார்ப்பது என்றே பொருள். இன்றைக்குப் பார்வை கழன்றுபோய் மகிழ்ச்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒலி ஒற்றுமையைப் பார்த்து ஒன்றுக்கொன்று போட்டுவிடாதீர்கள்.

#10 செங்காந்தள்

இலக்கணம் யாரும் சொல்லவில்லை, அதில்தான் கற்பவர்கள் விழுகிறார்கள்.

குளோட்ஸன் வினையடி டி-இசட்டில் முடிவதால் நிகழ்காலத்தில் 'டூ', 'ஏர்', 'ஈயர்' மூன்றுக்கும் 'குளோட்ஸ்ட்' ஒரே வடிவம். நீ, அவன், நீங்கள் எல்லாரும் ஒன்று. ஆகவே வசனத்தில் மூவிடப் பெயரைக் கவனிக்காமல் வினையை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் ஆள் மாறிவிடும். "வாஸ் குளோட்ஸ்ட் டூ?" ஒருவனிடம், "வாஸ் குளோட்ஸ்ட் ஈயர்?" கும்பலிடம்.

வெறும் வினைக்கு இலக்கு சொல்ல 'அவ்ஃப்' என்ற முன்னிடைச்சொல்லும் இரண்டாம் வேற்றுமையும்: அவ்ஃப் டென் பில்ட்ஷிர்ம் ஷ்டாரன், திரையையே வெறிப்பது. ஆளையோ பொருளையோ நேரடியாகச் செயப்படுபொருள் ஆக்க 'அன்' முன்னொட்டு: அன்ஷ்டாரன், அன்குளோட்ஸன், அன்கஃபன். இது பிரியும் முன்னொட்டு. "ஏர் குளோட்ஸ்ட் மிஹ் டி கான்ஸ ட்ஸைட் அன்", அந்த 'அன்' கடைசியில்தான் வந்து விழும். நீள வசனத்தில் துணையுரையை இரண்டாக வெட்டும்போது முதல் பாதியில் வெறும் முழிப்பு, இரண்டாம் பாதியில்தான் என்னைப் பார்த்து என்பது தெரியும். வெட்டுவதற்கு முன் வாக்கியக் கடைசி வரை படியுங்கள்.

ஆங்கிலத்தில் ஸ்டேர், கேப், காகிள், காக் எல்லாவற்றுக்கும் 'அட்' வேண்டும். 'ஓகிள்' மட்டும் நேரடியாக ஆளைப் பிடிக்கும்.

#11 தாமிரபரணிக்கரை

ஓகிள் என்றால் ஜொள்ளு விடுவது, சரியா?

#12 செங்காந்தள்

ஆமாம், ஆனால் ஜொள்ளில் இருக்கும் அசட்டுத்தனம் அதில் இல்லை, ஆபாசம்தான் கூடுதல். கண் பிதுங்காது, மேலும் கீழும் ஊரும். டச்சு அல்லது கீழ்ஜெர்மன் வழியாகக் கண் என்ற சொல்லிலிருந்தே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ஜெர்மனில் அதன் ஒன்றுவிட்ட உறவு 'லீப்-ஒய்கெல்ன்', இன்றைக்கு அதற்கு ஒரு யோசனையிலோ பொருளிலோ மனம் வைப்பது என்றுதான் பொருள்: புது கார் வாங்கலாமா என்று நினைத்துக்கொண்டே இருப்பது. ஆளை மேய்வதற்கு ஜெர்மனில் அன்கஃபன், அன்குளோட்ஸன் இரண்டுமே சூழலைப் பொறுத்து வேலை செய்யும்.

#13 கண்திரை

கண் மருத்துவப் பிரிவில் வேலை. பிதுங்கல் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள், கண் பெரிதாகத் தெரிய இரண்டு வேறு காரணங்கள் உண்டு. காட்சியை விவரிப்பவருக்கு இது உதவும்.

ஒன்று, இமை விலகல். சாதாரணமாக மேலிமை கருவிழியின் மேல் விளிம்பை 1 முதல் 2 மி.மீ. மூடியிருக்கும். அச்சத்திலோ வியப்பிலோ இமை ஏறினால் கருவிழிக்கு மேலே வெள்ளைப் பட்டை தெரியும். கோளம் நகரவே இல்லை, கதவுதான் கூடுதலாகத் திறந்திருக்கிறது. ஜெர்மன் 'டி அவ்கன் அவ்ஃப்ரைசன்' இதுதான்.

இரண்டு, கோளமே முன்னுக்குத் தள்ளப்படுவது. கண்குழிக்குள் தசையும் கொழுப்பும் வீங்கினால் போக இடமில்லை, பின்னால் எலும்பு, முன்னால்தான் வழி. இதற்கு எக்ஸோஃப்தால்மோஸ் என்று பெயர். ஹெர்டல் கருவியால், கண்குழியின் வெளி விளிம்பிலிருந்து கருவிழி முனை வரை மி.மீ. கணக்கில் அளப்போம். இரண்டு கண்ணுக்கும் நடுவே 2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் தைராய்டு காரணம். தைராய்டில் இமை விலகலும் சேர்ந்தே வரும், அதனால்தான் அந்த 'எப்போதும் திகைத்த' முகம். அதோடு இமைப்பதும் குறையும்.

ஜெர்மன் வசனத்தில் 'மோர்புஸ் பாஸெடோ' வந்தால் ஆங்கிலத்தில் 'கிரேவ்ஸ் டிசீஸ்'. ஒரே நோய், இரண்டு மருத்துவர்கள். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் எழுதினார், மெர்ஸெபுர்க்கில் கார்ல் ஃபான் பாஸெடோ 1840இல். பிதுங்கிய கண், கழுத்துக் கழலை, படபடப்பு மூன்றையும் சேர்த்து 'மெர்ஸெபுர்க் மும்மை' என்பார்கள். கிரேவ்ஸ் ஆள் பெயர், கல்லறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய ஜெர்மன் நூல்களில் இதற்கு 'குளோட்ஸ்-அவ்கன்-க்ராங்க்ஹைட்' என்றே பெயர், முழிக்கண் நோய். இன்று நோயாளியிடம் அப்படிச் சொன்னால் வசவு.

#14 ஊமத்தம்பூ

மருத்துவர் சொன்ன அந்த இரண்டு வகையை மொழியும் பிரித்தே வைத்திருக்கிறது. இமை ஏறினால் அவ்ஃப்ரைசன்: நிகழ்காலம் 'ரைஸ்ட் அவ்ஃப்', இறந்தகாலம் 'ரிஸ் அவ்ஃப்'. 'மிட் வைட் அவ்ஃப்கெரிஸெனென் அவ்கன்' என்று எச்சமாக வந்தால் பெரும்பாலும் பயம். (அதே வினை ஆளைச் செயப்படுபொருளாக எடுத்தால் கொச்சையில் ஆளை 'மடக்குவது', அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) கோளம் தள்ளினால் 'ஹெர்ஃபோர்ட்ரேட்டன்' அல்லது 'ஹெர்ஃபோர்க்வெலன்'; பின்னது கழுத்து நெரிபடும் காட்சிக்கு. அதன் இறந்தகாலம் 'க்வோல் ஹெர்ஃபோர்', அகராதியில் 'க்வோல்' என்று தேடி ஏமாறாதீர்கள்.

ஆங்கிலத்திலும் அப்படியே: கண் 'வைடன்' ஆனால் இமை, 'பல்ஜ்' ஆனால் கோளம். 'பக்-ஐட்', 'பாப்-ஐட்' இரண்டும் கோளம். பழைய ஆங்கில நாவல்களில் கண் குழியிலிருந்து 'ஸ்டார்ட்' ஆனது என்று வரும். தொடங்கியது என்று பொருள் இல்லை, துள்ளி வெளியே வருவது. 'அவன் கண்கள் தொடங்கின' என்று தமிழில் அச்சானதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

#15 வினையெச்சம்

பாட்டியின் இரண்டு சொற்கள் இன்னும் பாக்கி.

#16 செங்காந்தள்

ஷ்டீல்-அவ்கன்: 'ஷ்டீல்' என்றால் காம்பு, தண்டு. நத்தைக்கும் நண்டுக்கும் இருப்பதுபோல் தண்டின் நுனியில் கண். 'ஷ்டீல்-அவ்கன் மாஹன்' என்றோ 'பெகொமென்' என்றோ வரும். ஆசை, பொறாமை, அடக்க முடியாத ஆவல். பக்கத்து வீட்டுக்குப் புது வண்டி வந்தால், கடை சன்னலில் கேக் இருந்தால். பயத்துக்கு இது வராது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஐஸ் அவுட் ஆன் ஸ்டாக்ஸ்' அச்சு அசலாக அதுவே. உங்கள் ஆங்கிலப் பிரதிக்காரர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை விட்டுவிட்டார். தமிழில் "கண்ணு அதுமேலயே இருக்கு", "கண்ணாலயே முழுங்குறா" ஏதாவது ஒன்று. நத்தையைக் கொண்டுவராதீர்கள், தமிழில் நத்தை என்றதும் வேகம்தான் நினைவுக்கு வரும்.

குளுப்ஷ்-அவ்கன்: வட ஜெர்மனிச் சொல். நடுவில் P போட்டும் எழுதுவார்கள், B போட்டும் எழுதுவார்கள். டூடன் அகராதி இரண்டையும் ஏற்கிறது, ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். துருத்திய உருண்டைக் கண். மனிதரைச் சொன்னால் கிண்டல். பக் நாய், தவளை, பொம்மையைச் சொன்னால் கொஞ்சல். பெரிய கண் வைத்த ஒரு பஞ்சுப் பொம்மை வரிசை ஜெர்மனியில் 'குளுப்ஷீஸ்' என்ற பெயரிலேயே விற்பனையாகிறது, வசவாக இருந்தால் குழந்தைச் சாமானுக்கு வைப்பார்களா?

நாய்க்கு 'முட்டைக்கண்ணு' போடுங்கள். அதே தொனி, அதே கொஞ்சல்.

குல்லர்-அவ்கன் என்று இன்னொன்று உண்டு. உருண்டு விழிக்கும் கண், ஆனால் பிதுங்கல் இல்லை, எப்போதும் அழகு. குழந்தை எதையாவது கேட்டுக் கெஞ்சும் பார்வை.

#17 அளவெட்டியான்

முட்டைக்கண் சரி. குளோட்ஸனுக்கு எங்கட 'முழுசிறது' இருக்கு. "என்ன முழுசிறாய்?" எண்டா கண்ணை உருட்டிக்கொண்டு விளங்காமப் பாக்கிறது, சொல்லுறவருக்கு எரிச்சல். "வாஸ் குளோட்ஸ்ட் டூ?" எண்டதுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

#18 தாமிரபரணிக்கரை

தமிழ்நாட்டில் 'முழிக்கிறது' என்றால் பதில் தெரியாமல் திண்டாடுவது. "பரீட்சையில முழிச்சான்." திருதிரு முழி, திருட்டு முழி. இன்னொருத்தனைப் பார்த்து முழிப்பது என்பது அவ்வளவு வராது. தெருச் சண்டையில் "வாஸ் குளோட்ஸ்ட் டூ?" என்றால் நம்மூரில் "என்னடா மொறைக்கிற?"தான்.

#19 ஊமத்தம்பூ

முறைப்பது கோபப் பார்வை, ஆங்கிலத்தில் 'கிளேர்'. குளோட்ஸனில் பார்ப்பவனுக்குக் கோபம் கிடையாது. அகராதிப்படி நீங்கள் சொல்வது தவறு.

ஆனால் வசனப்படி சரி என்றும் சொல்வேன். வம்புக்கு இழுக்கும் வாக்கியம் அது. பெர்லினில் வம்பு இழுப்பவன் எதிராளியை மடையன் ஆக்குகிறான், மதுரையில் எதிராளி முறைத்ததாகக் குற்றம் சாட்டுகிறான். காரியம் ஒன்று. தனியாக நிற்கும் வம்பு வசனம் என்றால் "என்னடா மொறைக்கிற?" போடலாம். அடுத்த வசனத்தில் எதிராளி "நான் மாடு இல்ல" என்பதுபோல் மடத்தனத்தைத் தொட்டுப் பதில் சொன்னால் முறைப்பு உடைந்துவிடும், அங்கே "என்னடா ஆந்தையாட்டம் முழிக்கிற?" என்று போக வேண்டும். ஆகவே மேலும் கீழும் நாலு வரி பார்க்காமல் இதை முடிவு செய்யாதீர்கள்.

#20 கண்திரை

'அவ்கன் மாஹன்' என்றால் கண் செய்வது என்கிறார்களே, அது என்ன?

#21 செங்காந்தள்

இதுதான் மொத்தத்திலும் ஆபத்தான இடம், ஒரு பெயரடையில் கதை மாறும். 'குரோஸ அவ்கன் மாஹன்', பெரிய கண் செய்வது: வியந்து போவது. "டா விர்ஸ்ட் டூ அவ்கன் மாஹன்!" என்றால் பார்த்தால் அசந்து போவாய். 'ஷோன அவ்கன் மாஹன்', அழகிய கண் செய்வது: மயக்கப் பார்ப்பது. ஆங்கிலத்தில் 'மேக் ஐஸ் அட்' என்றால் இந்த இரண்டாவதுதான். வியப்பு வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் போட்டு, அதைத் தமிழாக்கினால் அப்பா மகனிடம் "நீ கண்ணடிப்பாய்" என்பார்.

அதேபோல் 'அவ்கன் அவ்ஸ் டெம் கொப்ஃப்', தலையிலிருந்து கண். பின்னால் வரும் வினையைப் பாருங்கள். 'ஃபாலன்' (விழுதல்) வந்தால் வியப்பு. 'வைனன்' வந்தால் அழுது தீர்ப்பது. 'ஷேமன்' வந்தால் வெட்கத்தில் கூனிக் குறுகுவது. வினை கடைசியில் வருவதால் வசனத்தின் நடுவில் நிறுத்தி ஊகித்தால் மூன்றில் இரண்டு தடவை தப்பாகும்.

ஐயம் வந்தால் டிடபிள்யூடிஎஸ் என்ற ஜெர்மன் இணைய அகராதித் தளத்தில் வினையை அடித்து, 'வோர்ட்ப்ரொஃபீல்' பகுதியைத் திறந்து, எந்தப் பெயர்ச்சொல், எந்த வினையடை கூட வருகிறது என்று பாருங்கள். டூடன் பொருளைச் சொல்லும், ஆனால் எந்தக் கூட்டாளியோடு திரிகிறது என்பது அங்கேதான் தெரியும்.

#22 வினையெச்சம்

இப்படி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஷ்டாரன், காயம்பட்டவரின் மகள்: "வண்டியையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறா."
ஷ்டீரன், ஓட்டுநர்: "எங்கயோ முறைச்சுப் பாத்து உக்காந்திருக்கான்."
குளோட்ஸன், போலீஸ்காரர் இளைஞனிடம்: "என்னய்யா முழிச்சுக்கிட்டு நிக்கிற?"
கஃபன், கும்பல்: "வேடிக்கை பாக்காம நகருங்க."

#23 ஊமத்தம்பூ

மூன்றும் நன்று. ஓட்டுநர் வரியில் மட்டும் முறைப்பை எடுங்கள், #4இல் சொன்ன காரணம்தான். "பித்துப் பிடிச்சாப்ல எங்கயோ பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றால் சரி. நீளமானால் 'எங்கயோ'வை வெட்டுங்கள், பித்தை வெட்டாதீர்கள்.

போலீஸ்காரர் வரியில் ஜெர்மனில் 'டூ' (நீ) இருக்கிறதா, 'ஸீ' (மரியாதை 'நீங்கள்') இருக்கிறதா? அங்கே அறிமுகமில்லாத வயது வந்தவரிடம் போலீஸ் 'ஸீ'தான் சொல்ல வேண்டும். 'டூ' என்றால் அவர் வரம்பு மீறுகிறார், அப்போது 'என்னய்யா'கூடப் போதாது, "என்னடா" ஆக வேண்டும்.

#24 வினையெச்சம்

'டூ'தான். மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: அந்த இளைஞனைப் பற்றி இன்னொருவன் 'குக்ட் வீ ஐன் அவ்டோ' என்கிறான். கார் மாதிரிப் பார்க்கிறானாம். கார் எங்கே பார்க்கும்?

#25 அளவெட்டியான்

முன் விளக்கு ரெண்டும் கண். உருண்டையா, வெளிச்சமா, ஒண்டும் விளங்காம முன்னுக்குப் பாத்துக்கொண்டு நிக்கும். திகைச்சு, கொஞ்சம் மொக்குத்தனமா முழுசிறவனுக்குச் சொல்லுறது, பகிடிதான், சண்டை இல்லை. இதே குடும்பத்தில 'குத்துப்பட்ட கண்டுக்குட்டி மாதிரி', 'இடி முழங்கேக்க மாடு பாக்கிற மாதிரி' எண்டெல்லாம் இருக்கு. காரை விட்டுட்டு 'பேந்தப் பேந்த முழிக்கிறான்' எண்டு போடுங்கோ. ஆனா படத்தில பின்னால உண்மையா ஒரு கார் நிண்டு, அதைக் காட்டிப் பகிடி விட்டா, காரை விட ஏலாது.